புகையில் விழுந்த புழு

டயர் கிடங்கில் டயர் விற்ற காலத்தில் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. வந்திருந்தால் முதலாளி அதை ஏன் மூடப்போகிறார்? இப்போது பொழுது விடிவதற்குள் வரிசை கிடங்குக் கதவில் தொடங்கி, மருந்துக் கடையைத் தாண்டி, சாலை முனையில் வளைந்து நின்றது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு நோய். மருந்துக் கடைக்காரர் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

கிடங்குக்குள் இருந்தவர் புகையய்யா.

சொந்தப் பெயர், சொந்த ஊர், படித்த படிப்பு எதுவும் யாருக்கும் தெரியாது. கேட்டால் அவருக்குக் கோபம் வரும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வாயில் வருகிற சகல நோய்க்கும் மூலகாரணம் புழு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். பல்வலியா? புழு. வாய்ப்புண்ணா? புழு. ஈறு வீக்கமா? புழு வீட்டில் விசேஷம். புற்றுநோயா? புழு குடும்பம் குட்டியோடு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இதைவிடச் சுலபமான மருத்துவப் படிப்பு உலகத்தில் கிடையாது. ஒரே பாடம், அதிலும் ஒரே வார்த்தை.

வைத்தியமும் அப்படித்தான். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர். நடுவே செங்கல் அடுக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டு. நோயாளி கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அதன்மேல் குனிய வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மூடிக்கொண்டு வரவேண்டும் என்பது சட்டம். வெளிச்சம் பட்டால் புழு உள்ளே ஓடிவிடுமாம். எண்ணெயில் பிசைந்த ஏதோ மூலிகையைச் சிஷ்யர் ஒரு கரண்டி அள்ளித் தட்டில் போடுவார். சடசடவென்று வெடிக்கும். குப்பென்று புகை கிளம்பும். நோயாளி இருமுவார், தும்முவார், எச்சில் வடிப்பார். புகை அடங்கியதும் சிஷ்யர் விளக்கை எடுத்துத் தாம்பாளத்தின் மேல் பிடிப்பார். தண்ணீரில் வெள்ளை வெளேரென்று, நூல் துண்டு போலச் சுருண்டு சுருண்டு, புழு!

புகையய்யா யாரையும் தொடமாட்டார். தொட்டால் சக்தி வடிந்துவிடும். தள்ளி நின்று கண்ணை மூடித் திறப்பார், அவ்வளவுதான். விழுந்த புழுவைச் சின்னப் புட்டியில் அடைத்து நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை அலமாரியில் வைத்து வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது அக்கம்பக்கத்தில் பெரிய கௌரவமாகிவிட்டது. "எங்க வீட்டுக்காரர் வாயில இருந்தது" என்று சொல்லும்போது அந்த அம்மாக்கள் முகத்தில், பிள்ளை முதல் மார்க் வாங்கிய களை.

அந்த வரிசையில்தான் ஏலக்காரரும் நின்றார்.

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் கடைசிக் கொட்டகை வரை கேட்கும். அந்த வாயில், நாக்கின் ஓரத்தில், ஆறாத புண் ஒன்று வந்தது. இத்தனை வருஷமும் புகையிலையை அவர் அடக்கி வைத்திருந்த இடம் அதுதான். சோதித்துப் பார்த்துப் புற்று என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி இருந்துவிடக் கூடாது என்று கரண்ட் வைக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது.

அவர் மனைவி கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஒரு பழைய கார், பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக், "கிளச்சு! கிளச்சு!" என்று கத்துவதற்கு ஒரு தொண்டை. பாதி ஊர் அவளிடம்தான் ஓட்டக் கற்றது. அதனால் எல்லாருக்கும் அவள் டீச்சர். கணவர் வாயைத் திறந்து அந்தப் புண்ணைக் காட்டிய நாளிலிருந்து டீச்சர் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. மாணவர்கள் பயந்துபோனார்கள்.

கரண்ட் வைக்கத் தொடங்குமுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவரை முதலில் அனுப்பியது பல் பிரிவுக்கு. ஆடிக்கொண்டிருந்த பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் பிடுங்கி, ஆறிய பிறகுதான் கரண்ட் என்றார்.

"புற்றுக்குத்தானே வந்தேன். பல்லை எதுக்குப் பிடுங்குறீங்க?" என்றார் ஏலக்காரர்.

"எல்லார் வாயிலயும் கிருமி இருக்குங்க. எச்சில்தான் அதுங்களை அடக்கி வைக்குது. கரண்ட் வெச்சா எச்சில் குறையும். வாய் காஞ்சு போகும். அப்ப கிருமிங்க பெருகிடும். பல் சொத்தையாகும், புண்ணுல சேரும். கரண்ட் வெச்ச அப்புறம் பல்லைப் பிடுங்கினா தாடை எலும்பு ஆறாமலே போயிடலாம். அதனாலதான் இப்பவே எடுக்குறோம். தினமும் உப்பும் சோடா உப்பும் கலந்து கொப்பளிங்க. மெத்துனு இருக்கிற பிரஷ்ல தேயுங்க."

"அப்ப இந்தக் கிருமிதான் புற்றையும் கொண்டுவந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள் டீச்சர்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "சில கிருமிக்கும் வாய்ப் புற்றுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி தெரியுது. அதுதான் காரணமா, இல்ல புற்று வந்த இடத்துல அது வந்து ஒட்டிக்குதா, இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. முழுசாத் தெரியாது. புகையிலை காரணம்னு மட்டும் நல்லாவே தெரியும்."

வெளியே வந்ததும் ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார். "தெரியாதாமே! இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டி வெச்சுக்கிட்டுத் தெரியாதாம்!"

கரண்ட் வைக்க வைக்க வாய் முழுக்கப் புண்ணாயிற்று. தண்ணீர் நெருப்பாக இறங்கியது. எதிலும் ருசி இல்லை. எச்சில் பசை மாதிரி ஒட்டியது. சந்தையைக் கிடுகிடுக்க வைத்த மனுஷன் கையால் சைகை காட்டித் தண்ணீர் கேட்டார். இன்னும் பாதி சிகிச்சை பாக்கி.

இந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தார். ஏலக்காரருக்கு அக்கா. தம்பி என்றால் உயிர். தம்பிக்காக எதையும் நம்புவார். தம்பி இல்லாவிட்டாலும் நம்புவார்.

"தம்பி, டாக்டரே கிருமின்னு சொல்லிட்டாங்கதானே? கிருமின்னா என்ன? புழுதானே! அவங்களுக்கு அதை எடுத்துக் காட்டத் தெரியல. இவரு தண்ணியில போட்டுக் காட்டுறாரு. இதுல எது பெரிய படிப்பு, நீயே சொல்லு."

கண்ணுக்குத் தெரியாததற்கும், கண்ணெதிரே நெளிவதற்கும் சேர்த்துக் கிருமி என்று ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன முன்னோர்களுக்குப் புகையய்யா ஆயுள் முழுக்கக் கடன்பட்டவர்.

மூன்று பேருமாகப் போனார்கள். ஏலக்காரர் குனிந்தார். புகை வந்தது. புழு விழுந்தது. டீச்சரே தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. "இதுதானா, இதுதானா என் வீட்டுக்காரரைத் தின்றது!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

புகையய்யா கண்ணைத் திறந்தார். "கரண்ட் வைக்கிறியா?"

ஏலக்காரர் தலையாட்டினார்.

"நிறுத்து. கரண்ட் பட்டா புழு சூடேறித் தொண்டைக்கு இறங்கிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

மறுநாளிலிருந்து ஏலக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழிவதற்குள் வாய்ப்புண் கொஞ்சம் அடங்கியது. கஞ்சி இறங்கியது. நாத்தனார் அந்தப் புட்டியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் நடுநாயகமாக வைத்தார். பக்கத்திலேயே இன்னொரு புட்டி.

"இது யாரோடது அண்ணி?" என்றாள் டீச்சர்.

"என்னோடதுதாம்மா. எதுக்கும் இருக்கட்டும்னு நேத்து நானும் போய்க் குனிஞ்சேன். ஒன்பது விழுந்துச்சு. எல்லாம் பல்லடியில இருந்ததாம்."

டீச்சர் நாத்தனாரையே பார்த்தாள். "அண்ணி, உங்களுக்குத்தான் பல்லே கிடையாதே. கட்டின பல்லுதானே?"

நாத்தனார் அசரவில்லை. "பல்லு இருந்த இடத்துல இருந்திருக்கும்."

டீச்சர் இரண்டு புட்டியையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்று புற்று வந்த வாய். இன்னொன்று பல்லே இல்லாத வாய். இரண்டிலும் ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே சுருள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அவளுக்கு அழுகை நின்றது அப்போதுதான்.

அடுத்த தடவை கிடங்குக்குப் போனபோது எல்லாரும் நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் இரும்புத் தட்டைப் பார்த்தாள். மூலிகை சடசடவென்று வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் பொடிப்பொடியாக ஏதோ தெறித்து நாலு பக்கமும் தண்ணீரில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "என்னங்க, அது வாயிலேர்ந்து விழலை. தட்டுலேர்ந்து தெறிக்குது. ஏதோ விதையை வறுக்கிறாங்க. அது வெடிச்சு உள்ளே இருக்கிற முளை வெளியே வருது. அவ்வளவுதான்."

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர்கிட்டயும் போன்ல பேசிட்டேன். கரண்ட்டை நடுவுல விட்டா புற்று மறுபடி தலைதூக்குமாம். உடனே கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க."

ஏலக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. "அங்க போனா வலிக்குதும்மா. இங்க வலிக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

கரண்ட்டை நிறுத்தினால் புண் ஆறத்தான் செய்யும். உள்ளே இருப்பது ஆறுமா என்பதுதான் கேள்வி. ஆனால் வலியில் இருக்கிறவரிடம் வாதம் செய்து என்ன பயன்? இவரைக் கண்ணால்தான் நம்பவைத்தார்கள். கண்ணால்தான் மீட்க வேண்டும்.

நேராகத் துணிக்கடைக்காரரிடம் போனாள். அவளிடம் வண்டி ஓட்டக் கற்று, அவள் காரையே சுவரில் மோதியவர். அந்த நன்றி இருந்தது.

"உங்க கடை வாசல்ல நிக்கிறாரே ஒருத்தர், அவரை ஒருநாள் அனுப்புங்க. உடம்பு சரியில்லை அவருக்கு."

மறுநாள் காலையில் கிடங்குக்கு ஒரு புது நோயாளி வந்தார். சக்கரம் வைத்த நாற்காலி. கம்பளிப் போர்வை. கைக்கு உறை. சட்டப்படி முகத்தில் கறுப்புத் துணி. டீச்சரும் துணிக்கடைக்காரரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்வரிசையில் ஏலக்காரரும் நாத்தனாரும் மூன்றாவது புகைக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு முடிதிருத்துகிறவர். சில மாதங்களாகவே அவர் புகையய்யாவின் வாடிக்கை. அவருக்கு விழுந்த புழு ஒரு புட்டியில் அடங்காமல் ஊறுகாய் ஜாடிக்கு மாறியிருந்தது. கன்னமும் வளர்ந்துகொண்டே இருந்தது.

"யாரும்மா இது?" என்றார் புகையய்யா.

"வேண்டப்பட்டவர்ங்க."

"பேசுவாரா?"

"பேசி நான் கேட்டதே இல்லைங்க."

"சாப்பாடு?"

"ஒரு பருக்கை உள்ளே இறங்கினதில்லை."

"தூக்கம்?"

"கண்ணை மூடினதே கிடையாது. ராத்திரி பகல் நின்னுக்கிட்டேதான் இருப்பார்."

புகையய்யா பெருமூச்சு விட்டார். "முத்திப்போச்சு. கூடப் பிறந்தவங்க?"

"நாலு பேருங்க. எல்லாருக்கும் இதே நிலைமைதான்."

"பரம்பரைப் புழு!" என்று கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார் புகையய்யா. கூட்டம் உச்சுக்கொட்டியது. ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோயாளியைத் தாம்பாளத்தின் மேல் சாய்த்துப் பிடித்தார்கள். சிஷ்யர் இரண்டு கரண்டி போட்டார். புகை மண்டியது. நோயாளி இருமவில்லை. தும்மவில்லை. இம்மி அசையவில்லை.

"பாருங்க!" என்றார் புகையய்யா நெகிழ்ந்துபோய். "இத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன். இவரை மாதிரி ஒரு பொறுமைசாலியைப் பார்த்ததில்லை. நம்பிக்கைன்னா இதுதான் நம்பிக்கை!"

துணிக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது.

"புழு கருகுது!" என்றார் புகையய்யா.

சிஷ்யர் விளக்கைப் பிடித்தார். தண்ணீர் முழுக்கப் புழு. அன்றுவரை யாருக்கும் அவ்வளவு விழுந்ததில்லை. கூட்டம் கைதட்டியது. நாத்தனார் எழுந்து நின்று கும்பிட்டார்.

டீச்சர் கறுப்புத் துணியை உருவினாள்.

வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் தலை. புகை பட்ட மோவாய் லேசாக இளகியிருந்தது. மற்றபடி எப்போதும் போலக் கடை வாசலில் சிரிக்கிற அதே சிரிப்பு. உதடுகள் இரண்டும் ஒட்டி வார்த்தவை. ஊசி நுழையக்கூட அந்த வாயில் வழி இல்லை.

பின்வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"ஐயா," என்றாள் டீச்சர், "இவருக்கு வாயே திறக்காது. இவ்வளவு புழு எந்த வழியா வந்துச்சு?"

புகையய்யா சாதாரண ஆள் இல்லை. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "பொம்மையைத் தொட்டுத் தூக்கிட்டு வந்தது யாரு? நீதானே! உன் வாய்ப் புழுதான் பொம்மையில ஏறியிருக்கு. என்னைச் சோதிக்க நினைச்சே. உன்னைக் காட்டிக்கொடுத்துட்டேன்!"

கூட்டத்துக்கு உயிர் வந்தது. "அதானே! எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார் ஒருவர். கண்முன்னால் பொம்மை சிரித்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் டீச்சரை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். மனிதனுக்கு மூளை எதற்கு இருக்கிறது? நம்பியதை மேலும் நம்புவதற்குக் காரணம் கண்டுபிடிக்க.

அப்போது ஏலக்காரர் எழுந்தார்.

சிஷ்யரின் காலடியில் இருந்த சாக்குப்பையின் வாயைப் பிரித்தார். மஞ்சள் நிறத்தில் சப்பைச் சப்பையாக விதை. உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பொம்மையை நகர்த்தினார். மனைவியையும் கையைப் பிடித்துத் தள்ளி நிற்கவைத்தார். தாம்பாளத்தில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார். யாரும் குனியவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு கரண்டி விதையைத் தட்டில் போட்டார்.

சடசட.

"வந்து பாருங்க" என்றார். புண்ணான வாயிலிருந்து அது கரகரப்பாகத்தான் வந்தது. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

வந்து பார்த்தார்கள். தண்ணீரில் வெள்ளை வெளேரென்று, சுருண்டு சுருண்டு.

"இது யார் வாயிலேர்ந்து?" என்றார் ஏலக்காரர்.

அவர் ஒரு புழுவை நகத்தால் நசுக்கினார். மாவாகப் பிதுங்கியது. அவர் முகம் கோணியது. "மூட்டையைப் பிரிச்சுப் பாக்காம ஒரு சரக்கை நான் ஏலத்துல விட்டதில்லை. என் உயிரை மட்டும் பிரிச்சுப் பாக்காமக் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சக்தி வடிஞ்சுபோச்சு, முகம் கழுவிட்டு வர்றேன்" என்று பின்பக்கம் போன புகையய்யா, பின்பக்கத்துக் கதவு வழியாக எந்தச் சக்தியும் வடியாத வேகத்தில் ஓடினார். ஓடியவர் முக்குச் சந்தில் மூன்று பேரிடம் அகப்பட்டார். அவர்களில் ஒருவர் மருந்துக் கடைக்காரர். போலீஸ் வந்தது. சாக்கையும் தட்டையும் எடுத்துப் போனார்கள். கூட்டம் கலைந்தது. இரண்டு பேர் மட்டும் வரிசையை விட்டு நகரவில்லை. கூட்டம் குறைந்ததால் தங்கள் முறை சீக்கிரம் வரும் என்று சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று மதியமே டீச்சர் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா திட்டவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"விட்டது விட்டதுதான். ஈடுகட்டப் பார்க்கலாம். சரியாகிடும்னு உத்தரவாதம் தரமாட்டேன்."

ஏலக்காரர் தலையசைத்தார். "பரவால்லைங்க. நீங்க சொல்லுங்க, செய்யுறேன்."

புண் மறுபடி வந்தது. தண்ணீர் மறுபடி நெருப்பாக இறங்கியது. வேளை தவறாமல் கொப்பளித்தார். வலிக்கு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கேட்டால் கொடுப்பார்கள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சிகிச்சையை முடித்தார். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் இதுவரை எதுவும் தெரியவில்லை. வாய் மட்டும் காய்ந்துகொண்டே இருக்கிறது. கையில் தண்ணீர் பாட்டிலோடுதான் சந்தைக்குப் போகிறார். நாத்தனார் தன் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஆனால் எங்கே போட்டார் என்று சொல்ல மறுக்கிறார்.

முடிதிருத்துகிறவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்குக் கரண்ட் வைத்தும் பயனில்லாத இடம் வரைக்கும் புற்று போயிருந்தது. வலிக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வராந்தாவில் டீச்சரைப் பார்த்து, பாதி வார்த்தையும் பாதி சைகையுமாகக் கேட்டார்.

"அந்தாள் போயிட்டான். இனிமே நாங்க யாரைத்தான் நம்புறது?"

டீச்சர் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நம்புறதுக்கு ஆள் தேடாதீங்க. கேள்வி கேட்டுப் பாருங்க. பதில் சொல்றாங்களான்னு பாருங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாங்களான்னு பாருங்க. கேட்டதுக்குக் கோபம் வந்துச்சுன்னா எழுந்து வந்துடுங்க."

அவர் வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அடுத்த மாதம் அவர் இறந்துபோனார்.

யோசித்ததால் யாரும் செத்ததில்லை. யோசிப்பதை நாளைக்குத் தள்ளிப்போட்டவர்கள்தான் இப்போதும் எங்கோ ஒரு கதவின் முன்னால், முகத்தைத் தாங்களே மூடிக்கொண்டு, வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எதற்காக நிற்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.